ஒருவரையே இருமுறை அளத்தல்

1920-களில், அமெரிக்காவின் வடகிழக்கே நியூ இங்கிலாந்து என்று வழங்கும் பிரதேசத்தில், பத்தொன்பது சிறு கிராமங்களுக்குச் சினிமாப் படங்களை எடுத்துக்கொண்டு ஓர் ஆராய்ச்சிக் குழு ஊர் ஊராகச் சென்றது. நாட்டுப்புறத்தில் சினிமா அபூர்வமாயிருந்த காலம் அது. ஊர்ப் பொது மண்டபத்தில் இலவசமாகப் படம் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பிள்ளைகளும் பெரியவர்களும் திரண்டு வந்தார்கள். வந்தவர்களின் கையில், படத்தின் இடைவேளையில், ஒரு வினாத்தாள் கொடுக்கப்பட்டது. முதல் உலகப் போரின்போது அமெரிக்கச் சேனையில் சேர வந்தவர்களின் புத்திக்கூர்மையை அளப்பதற்கென்று தயாரிக்கப்பட்ட 'ஆர்மி ஆல்ஃபா' என்னும் பரீட்சைதான் அது. ஹெரால்ட் ஜோன்ஸ், ஹெர்பர்ட் கான்ராட் என்ற இரண்டு மனநூல் அறிஞர்கள் இவ்விதமாகப் பத்து வயது முதல் அறுபது வயது வரையுள்ள 1,191 பேரின் விடைகளைச் சேகரித்து, 1933-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள்.

வயதைக் கிடையாகவும் மதிப்பெண்ணை நெடுகவும் வைத்து அவர்கள் வரைந்த கோடு, பதினாறு வயது வரையில் விரைந்து ஏறி, 18-க்கும் 21-க்கும் இடையில் உச்சியை எட்டி, அப்புறம் மெல்ல மெல்லச் சரிந்து, 55 வயதில் ஏறத்தாழப் பதினான்கு வயதுச் சிறுவனின் நிலைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கோடு பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது. நாற்பதைக் கடந்த மனிதன் அறிவின் சிகரத்திலிருந்து இருபது ஆண்டுகளாக இறங்கிக்கொண்டிருப்பவன் என்று ஜனங்கள் முன்பே கொண்டிருந்த அபிப்பிராயத்துக்கு அது சாஸ்திரத்தின் முத்திரையையும் இட்டுவிட்டது. அதே அறிக்கையில் வேறொரு செய்தியும் இருந்தது: சொற்களின் பொருளைக் கேட்ட வினாக்களிலும், பொது விஷய ஞானத்தைக் கேட்ட வினாக்களிலும், வயதானவர்கள் இளைஞர்களுக்குச் சற்றும் பின்வாங்கவில்லை. கோட்டை எடுத்துக்கொண்ட உலகம் இந்தச் செய்தியைக் கைவிட்டுவிட்டது.

ஆனால் அந்தக் கோட்டிலேயே ஓர் அடிப்படையான குறை உண்டு. அந்த மண்டபங்களில் உட்கார்ந்து பரீட்சை எழுதிய ஐம்பத்தைந்து வயதுக்காரர்களில் ஒருவரைக்கூட, அவர் இருபது வயதாயிருந்தபோது யாரும் அளந்திருக்கவில்லை. அவர் 1870-ஐ ஒட்டிப் பிறந்தவர். பள்ளியில் அவர் கழித்த ஆண்டுகள் சில. காகிதத்தில் கேள்வியைப் படித்துக் கடிகாரத்தோடு போட்டியிட்டு விடை எழுதும் வழக்கம் அவர் வாழ்க்கையில் புகுந்ததே இல்லை. அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த இருபது வயது இளைஞனோ வேறொரு காலத்தின் பிள்ளை. கைநாட்டு வைக்கும் பாட்டனையும் பட்டப்படிப்பு முடித்த பேரனையும் அருகருகே நிறுத்திவிட்டு, வயது ஏற ஏற எழுத்தறிவு தேய்ந்துபோகிறது என்று ஒருவர் தீர்ப்புக் கூறினால் நாம் அதை ஏற்போமா? தலைமுறைக்கும் தலைமுறைக்கும் உள்ள வித்தியாசத்தை, ஒரே மனிதனுக்குள் நிகழும் மாறுதலாக எண்ணி மயங்கியதே அந்தக் கோட்டின் பிழை. நடுவயதைப் பற்றி நாம் கொண்டிருக்கும் அச்சங்களில் பெரும்பகுதி இந்த ஒரு மயக்கத்திலிருந்து பிறந்தது என்பது என் துணிபு. அதை மெய்ப்பிக்கவே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

மயக்கம் தெளிவதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. ஒருவரையே இருமுறை அளக்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கும் நடுவில் ஆண்டுகள் கழிய வேண்டும். அவ்விதம் அளக்கும் வாய்ப்பு அயோவா மாநிலக் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் ஓவன்ஸ் என்பவருக்குக் கிடைத்தது. 1919-இல் அந்தக் கல்லூரியில் முதல் வருஷ மாணவர்களாகச் சேர்ந்தவர்கள் இதே ஆர்மி ஆல்ஃபா பரீட்சையை எழுதியிருந்தார்கள். அவர்களில் 127 பேரைத் தேடிப் பிடித்து, முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1949-50-இல், அதே பரீட்சையை மறுபடியும் எழுதச் செய்தார் ஓவன்ஸ். அப்போது அவர்கள் ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார்கள். கிராமத்துக் கோட்டை நம்பியவர்கள், அவர்கள் வெகுவாகச் சரிந்திருப்பார்கள் என்றே எதிர்பார்த்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு: அவர்களுடைய மொத்த மதிப்பெண் முப்பது ஆண்டுகளுக்கு முன்னிருந்ததைக் காட்டிலும் உயர்ந்திருந்தது. பொது விஷய ஞானத்தில் அவர்கள் வெகுதூரம் முன்னேறியிருந்தார்கள். கணக்கில் மட்டும் சற்றே பின்வாங்கியிருந்தார்கள். 1961-இல், அவர்கள் அறுபதைத் தாண்டியபோது, 96 பேரை மூன்றாம் முறையும் அளந்தார். அப்போதும் சொல்லும்படியான வீழ்ச்சி தென்படவில்லை.

இரு முறைகளையும் ஒரே ஆராய்ச்சிக்குள் பிணைத்தவர் வார்னர் ஷாயி. ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி ஷாங்காயில் அடைக்கலம் புகுந்த யூதக் குடும்பத்துப் பிள்ளையான அவர், பின்பு அமெரிக்கா சென்று, 1956-இல், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்காகச் சியாட்டில் நகரத்து மருத்துவக் கூட்டுறவு அமைப்பு ஒன்றின் உறுப்பினர்களிலிருந்து 500 பேரைத் தேர்ந்தெடுத்தார். இருபதுகளிலிருந்து எழுபது வரையில் பல வயதினர் அதில் இருந்தார்கள். ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களையே திரும்ப அழைத்து அளந்ததோடு, ஒவ்வொரு முறையும் புதிதாகவும் சிலரைச் சேர்த்துக்கொண்டே வந்தார். ஒரு பட்டத்துக்காகத் தொடங்கிய அந்த வேலை அரை நூற்றாண்டுக்கும் மேலாக வளர்ந்தது. ஆராய்ச்சியாளரான அவருடைய மனைவி ஷெர்ரி வில்லிஸ் அதில் பெரும் பங்கு கொண்டார். அவர்கள் கண்டது இது. ஒரே நாளில் பல வயதினரை ஒப்பிட்டால் இளமையிலேயே தொடங்கிவிடுவதாகத் தோன்றும் சரிவு, அதே மனிதரைத் தொடர்ந்து பார்க்கும்போது பெரும்பாலும் மறைந்துபோகிறது. சொற்பொருள் அறிவு, ஒரு வரிசையின் உள்விதியைக் கண்டுபிடிக்கும் அனுமானத் திறன், உருவத்தை மனத்துக்குள்ளேயே திருப்பிப் பார்க்கும் திறன் ஆகிய மூன்றும் நடுவயதில்தான் தங்கள் உச்சத்தை அடைகின்றன. கணக்குப் போடும் லாகவமும், கண்ணால் கண்டதை விரைந்து இனங்காணும் வேகமும் அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிடுகின்றன.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் கேட்பதற்கு இனிமையாயிருக்கும், ஆனால் நியாயமாயிராது. தொடர்ந்து பார்க்கும் முறைக்கும் தனக்கே உரிய பிழை ஒன்று உண்டு, அது எதிர்த்திசையில் சாய்கிறது. ஏழு ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் அழைத்தால் வருகிறவர்கள் யார்? ஆரோக்கியமாயிருப்பவர்கள், உற்சாகமுள்ளவர்கள், முதல் முறை நன்றாக எழுதியவர்கள். நோயுற்றவர்களும் மனம் சோர்ந்தவர்களும் வருவதில்லை. வருகிறவர்களுக்கோ பரீட்சையின் போக்கு முன்பே பழகிவிட்டது. பழக்கம் மதிப்பெண்ணைச் சற்று உயர்த்திவிடுகிறது. ஆகவே கிராமத்துக் கோடு நடுவயதை அதன் தகுதிக்குக் கீழே இறக்கியதென்றால், சியாட்டில் கோடு அதைக் கொஞ்சம் மேலே தூக்கியிருக்கக்கூடும்.

லண்டனில் 1985-இல் தொடங்கிய வைட்ஹால் ஆராய்ச்சி இதைத் தெளிவுபடுத்த உதவுகிறது. பிரிட்டிஷ் அரசாங்க அலுவலகங்களில் வேலை பார்த்த, 35 முதல் 55 வயது வரையுள்ள 10,308 பேரைக் கொண்டு அது ஆரம்பிக்கப்பட்டது. மேல் அதிகாரி முதல் கடைநிலை ஊழியர் வரையில் எல்லாப் படிகளிலும் உள்ளவர்கள் அதில் இருந்தார்கள். 1997-க்குப் பின் அவர்களில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரின் ஞாபகசக்தி, தர்க்கத் திறன், சொல்வளம் முதலியவற்றைப் பத்து ஆண்டுகளில் மூன்று முறை அளந்தார்கள். அர்ச்சனா சிங்-மனோ என்னும் ஆராய்ச்சியாளரின் தலைமையில் 2012-இல் வெளியான முடிவு மருத்துவ உலகத்தில் ஒரு சலசலப்பை உண்டாக்கிற்று. ஆரம்பத்தில் 45-க்கும் 49-க்கும் இடைப்பட்ட வயதினராயிருந்தவர்களிடத்திலேயே, ஆண் பெண் இரு பாலாரிடத்திலும், தர்க்கத் திறன் பத்து ஆண்டுகளில் 3.6 சதவீதம் குறைந்திருந்தது. 65-க்கும் 70-க்கும் இடைப்பட்டவர்களிடத்தில் அந்தக் குறைவு ஆண்களுக்கு 9.6 சதவீதம், பெண்களுக்கு 7.4 சதவீதம். சொல்வளம் மட்டும் எந்த வயதிலும் குறையவில்லை. இதே ஆராய்ச்சியில், வெவ்வேறு வயதினரை ஒப்பிடும் பழைய முறையைக் கையாண்டு பார்த்தபோது, பெண்களின் சரிவு உள்ளதைக் காட்டிலும் மிகையாகத் தெரிந்தது. முந்தைய தலைமுறைப் பெண்களுக்குக் கல்வி மறுக்கப்பட்டிருந்ததே அதற்குக் காரணம். பத்தொன்பது கிராமங்களின் பிழை லண்டன் அலுவலகங்களிலும் தன் முகத்தைக் காட்டிற்று. இம்முறை அது பிழையென்று அடையாளம் காணப்பட்டது.

பத்து ஆண்டுகளில் 3.6 சதவீதம் என்பது நோயன்று. அன்றாட வாழ்க்கையில் அந்தக் குறைவுக்கு ஆளானவரும் அதை உணரமாட்டார், பிறரும் உணரமாட்டார்கள். ஆயினும் அது பூஜ்யமும் அன்று. நடுவயதில் ஒன்றும் நேர்வதில்லை என்று சொல்பவரும், நடுவயது முழுவதும் சரிவே என்று சொல்பவரும் ஒரேயளவு தவறு செய்கிறார்கள். அறிவு என்று நாம் ஒரு சொல்லால் குறிக்கும் பொருள் ஒன்றல்ல என்பதை ரேமண்ட் கேட்டல் 1940-களிலேயே எடுத்துச் சொன்னார். புதிய சிக்கலை, முன்னனுபவத்தின் துணையில்லாமல், அங்கேயே நின்று அவிழ்க்கும் சக்தி ஒன்று. அதைப் பாயும் அறிவு எனலாம். வாழ்ந்தும் கற்றும் பழகியும் அடிமண்ணாய்ச் சேர்ந்திருக்கும் ஞானம் மற்றொன்று. அதைப் படிந்த அறிவு எனலாம். ஆறு வேகம் தணியும் இடத்தில்தான் வண்டல் படிகிறது என்பது இங்கே என் நினைவுக்கு வருகிறது. நடுவயதில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன, ஒன்றன் குறைவை மற்றதன் நிறைவு பெருமளவுக்கு ஈடுசெய்கிறது.

இனி மூளைக்குள் நுழைவோம். இங்கேயும் அதே மயக்கம் நமக்காகக் காத்திருக்கிறது.

மூளையில் தினந்தோறும் ஆயிரக்கணக்கான நரம்பணுக்கள் மடிந்துகொண்டிருக்கின்றன, மடிந்தவை திரும்ப முளைப்பதில்லை என்ற செய்தியைக் கேளாத படித்த மனிதர் இல்லை. 1955-இல் ஹெரால்ட் பிராடி என்பவர், பச்சிளங்குழந்தை முதல் தொண்ணூறைக் கடந்தவர் வரையில் இறந்துபோனவர்களின் மூளைகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து அணுக்களை எண்ணி, வயதாக ஆக, மூளையின் மேலடுக்கான புறணியில் அவை பெருமளவு குறைந்துவிடுகின்றன என்று அறிவித்தார். பிற்காலத்தில் ஹெர்பர்ட் ஹவுக் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதிலுள்ள சூட்சுமத்தை வெளிப்படுத்தினார். பதப்படுத்தும் திரவங்களில் ஊறும்போது இளம் மூளை அதிகமாகச் சுருங்குகிறது, முதிய மூளை குறைவாகச் சுருங்குகிறது. அதிகம் சுருங்கிய மூளையில் அணுக்கள் நெருங்கி நிற்பதால் ஒரு சதுர அங்குலத்தில் அதிகமாக எண்ணப்படுகின்றன. இளமையின் செல்வமாகத் தோன்றியதில் ஒரு பகுதி திரவத்தின் வேலை.

1997-இல் கோபன்ஹேகனில் பென்டே பாக்கென்பெர்க் என்ற அம்மையார் தம் சகாவோடு சேர்ந்து, சுருக்கத்தால் பாதிக்கப்படாத கணித முறையைக் கையாண்டு, 20 முதல் 90 வயது வரையில் இறந்த 94 பேரின் புறணியை எண்ணிப் பார்த்தார். ஆண்களுக்குச் சராசரி 2,300 கோடி, பெண்களுக்கு 1,900 கோடி நரம்பணுக்கள் புறணியில் இருந்தன. எழுபது ஆண்டுக்கால இடைவெளியில் ஏற்பட்ட வித்தியாசம் பத்து சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசம், இருபது வயதுக்கும் தொண்ணூறு வயதுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது! பெண்ணின் புத்தி ஆணின் புத்திக்குக் குறைந்ததல்லவே. எனவே எண்ணிக்கையில் ஒரு பத்து சதவீதம் கூடுவதும் குறைவதும் அறிவை நிர்ணயிப்பதாகச் சொல்ல இடமில்லை.

அணுக்கள் பெரும்பாலும் நிலைத்திருக்குமானால் குறைவது எது? உயிரோடிருப்பவரின் மூளையை எம்.ஆர்.ஐ. படத்தின் மூலம் பார்க்கும் வசதி வந்த பிறகு, ஒருவரையே இருமுறை அளப்பது மூளை விஷயத்திலும் சாத்தியமாயிற்று. அவ்விதம் மீண்டும் மீண்டும் படமெடுத்த பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கினால், 35 வயதுக்குப் பின் ஆரோக்கியமான மூளை ஆண்டுக்கு 0.2 சதவீதம் வீதம் சுருங்குகிறது. அறுபதை அணுகும்போது அந்த வேகம் 0.5 சதவீதமாகிறது. சுமார் 1,350 கிராம் எடையுள்ள மூளையில் 0.2 சதவீதம் என்பது மூன்று கிராமுக்கும் குறைவு. ஆனால் இந்தச் சுருக்கம் எங்கும் ஒரே சீராக நிகழ்வதன்று. நஃப்தலி ராஸ் என்பவர் 72 ஆரோக்கியமான மனிதர்களை ஐந்தாண்டு இடைவெளியில் இருமுறை படமெடுத்துப் பார்த்தபோது, திட்டமிடுதலுக்கும் நிதானத்துக்கும் ஆதாரமான முன்பகுதிப் புறணியிலும், ஞாபகத்தைப் பதியச் செய்யும் ஹிப்போகாம்பஸிலும், சிறுமூளையிலும் சுருக்கம் தெரிந்தது; கண்ணிலிருந்து வரும் செய்தியை முதலில் ஏற்கும் பின்பகுதிப் புறணி ஏறக்குறைய மாறாமல் இருந்தது. ஒரே வயதுடைய இருவரில் ஒருவருக்கு மாறுதல் மிகுந்தும் மற்றவருக்கு மிகக் குறைந்தும் காணப்பட்டது.

சுருங்குவது அணுவின் எண்ணிக்கையல்ல என்றால், அதன் உடலும் கிளைகளும் கிளைகளின் மேல் முளைத்துள்ள முகைகளும் என்று கொள்ள வேண்டும். அந்த முகைகளின் வழியாகத்தான் ஓர் அணு மற்றோர் அணுவிடம் செய்தி பெறுகிறது. நியூயார்க்கில் ஜான் மாரிசனும் அவருடைய சகாக்களும் முதிய ரீசஸ் குரங்குகளின் நெற்றிப்பகுதிப் புறணியை ஆராய்ந்தபோது, அங்கே குறைந்திருந்தவை மெல்லிய முகைகள் என்றும், காளான் போன்று தலை பெருத்த தடித்த முகைகள் பெரும்பாலும் தப்பியிருந்தன என்றும் கண்டார்கள். மெல்லிய முகைகள் நிலையற்றவை, தோன்றி மறைபவை. புதிதாக ஒன்றைக் கற்பதற்கு உதவுபவை. தடித்தவை நெடுங்காலம் நிலைப்பவை. பாயும் அறிவு குறைந்து படிந்த அறிவு நிலைப்பதற்கும் இதற்கும் ஒரு பொருத்தம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இது குரங்கின் மூளையிலிருந்து நான் செய்யும் அனுமானமே தவிர, மனித மூளையில் நிரூபிக்கப்பட்ட சித்தாந்தமன்று.

மேலே சொன்னதெல்லாம் சாம்பல் நிறப் பொருளைப் பற்றியது. அதற்கு அடியில், மூளையின் பாதியளவை அடைத்துக்கொண்டு, வெண்பொருள் இருக்கிறது. அணுக்களிலிருந்து புறப்பட்டு மூளையின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு இணைக்கும் நரம்பிழைகளின் திரள் அது. அதற்கு வெண்மையைத் தருவது இழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்பு உறை. உறையில்லாத மெல்லிய இழையில் நரம்புத் துடிப்பு ஒரு விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரமே செல்லும். தடித்த உறையணிந்த இழையில் அது நூறு மீட்டர் வரை பாயக்கூடும். சிந்தனையின் வேகம் இந்த உறையைச் சார்ந்தது.

அந்த உறை உருவாகும் வேலை பிறப்புக்கு முன் தொடங்கி ஆச்சரியப்படத்தக்க காலம் வரையில் நீடிக்கிறது. 2022-இல் உலகமெங்குமிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்களின் எம்.ஆர்.ஐ. படங்களைத் திரட்டி, கருவிலிருந்து நூறு வயது வரையில் மூளையின் வளர்ச்சிக் கோட்டை வரைந்தார்கள். சாம்பல் நிறப் பொருள் தன் உச்ச அளவை எட்டுவது ஆறு வயதுக்குச் சற்று முன்னே. வெண்பொருளோ 29 வயதை நெருங்கும் வரையில் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதற்கு முன்பே, 2001-இல், ஜார்ஜ் பார்ட்சோகிஸ் மூளையின் சில மடல்களை மட்டும் தனியே பிரித்து நோக்கியிருந்தார். நெற்றி மடலின் வெண்பொருள் 44 வயதிலும், பொட்டு மடலின் வெண்பொருள் 47 வயதிலும் உச்சத்தை அடைவதாக அவருடைய அளவுகள் காட்டின. மொத்தத்தை அளப்பதும் பகுதியை அளப்பதும் வேறு வேறு விடை தருகின்றன. எந்தக் கணக்கின்படி பார்த்தாலும், குழந்தைப் பருவத்திலேயே ஓர் உறுப்பு உச்சியைத் தாண்டிவிட, அதே மூளையில் மற்றோர் உறுப்பு குடும்பமும் உத்தியோகமும் அமைந்த பிராயம் வரையில் வளர்ந்துகொண்டிருக்கிறது. மூளையின் உச்ச வயது எது என்று ஒருமையில் கேட்பதே பொருத்தமில்லாத கேள்வி.

வளர்ந்தது தேயவும் செய்கிறது. டென்மார்க்கிலேயே செய்யப்பட்ட வேறோர் ஆராய்ச்சியின்படி, இருபது வயது ஆணின் மூளையிலுள்ள உறையணிந்த இழைகளையெல்லாம் முனையோடு முனை சேர்த்தால் 1,76,000 கிலோமீட்டர் நீளும். பூமியை நான்கு முறை சுற்றிவிடலாம். பத்தாண்டுக்கு ஒருமுறை அதில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறைந்துகொண்டு வருகிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இதுவும் இறந்தவர்களின் மூளைகளை ஒப்பிட்ட கணக்கே; பாட்டனையும் பேரனையும் பற்றி முன்பு சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

இப்போது மிகக் கடினமான கேள்விக்கு வருகிறோம். அமைப்பில் நேரும் மாறுதலுக்கும் சிந்தனைத் திறனில் நேரும் மாறுதலுக்கும் காரணகாரிய சம்பந்தம் உண்டா? புறணி தடித்திருப்பவர்கள் பரீட்சைகளில் நன்றாக எழுதுகிறார்கள் என்று கண்டால், தடிப்பு தேயாமல் காத்துக்கொண்டதால் அவர்கள் அறிவும் தேயவில்லை என்று சொல்லிவிடத் தோன்றும். ஸ்காட்லாந்து இதற்கு ஓர் அருமையான பதிலை வைத்திருந்தது. 1947-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ஆம் தேதி, அந்த நாட்டில் 1936-இல் பிறந்த பிள்ளைகள் ஏறக்குறைய அனைவரும், 70,805 பேர், அவரவர் பள்ளியிலேயே ஒரே புத்திப் பரீட்சையை எழுதினார்கள். அந்தப் பழைய ஏடுகள் அழியாமல் இருந்தன. இயன் டியரியும் அவருடைய கூட்டாளிகளும், எடின்பரோவிலும் அதைச் சுற்றியும் வாழ்ந்த அந்த மனிதர்களைக் கண்டுபிடித்து, 73 வயதில் அவர்களுடைய மூளையைப் படமெடுத்தார்கள். 588 பேரின் படங்களை ஆராய்ந்தபோது, முதுமையில் புறணியின் தடிப்புக்கும் புத்திக்கும் காணப்பட்ட தொடர்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், அவர்கள் பதினோரு வயதில் பெற்றிருந்த மதிப்பெண்ணாலேயே விளக்கப்பட்டுவிட்டது. அதாவது, அந்தத் தொடர்பின் பெரும்பகுதி முதுமையின் தேய்மானத்தைக் காட்டியதல்ல. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அவர்களுக்குள் இருந்த வித்தியாசத்தைக் காட்டியது. பதினோரு வயது மதிப்பெண் கையில் இல்லாமல், 73 வயதுப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு நூல் எழுதியிருந்தால், எத்தனை திடமாக ஒரு தவறை நிலைநாட்டியிருப்போம்!

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. திறனைப் பெறும் முயற்சியால் அமைப்பு மாறுவதற்கு அது சாட்சி. லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் பெற விரும்புகிறவர், நகரின் நடுவிலுள்ள சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து, பல கட்டங்களாக நடக்கும் வாய்மொழித் தேர்வில் தேறியாக வேண்டும். அதற்குப் பொதுவாக மூன்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எலினார் மகுவைர் 2000-இல் அத்தகைய ஓட்டுநர் 16 பேரை ஆராய்ந்தார். அவர்களுடைய சராசரி வயது 44. அவர்களது ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பெருத்தும், முன்பகுதி சிறுத்தும் இருந்தன. பிறவியிலேயே அவ்விதம் அமைந்தவர்கள்தாம் ஓட்டுநர்களாகிறார்களோ என்ற ஆட்சேபம் உடனே எழுந்தது, எழுந்தது நியாயமே. அதற்கு விடைகாண, கேத்ரின் வுல்லட் என்பவரோடு சேர்ந்து, பயிற்சியைத் தொடங்கும்போதே 79 பேரைப் படமெடுத்து, சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் படமெடுத்தார். தொடக்கத்தில் அவர்களுக்குள் வித்தியாசம் இல்லை. இறுதியில், தேர்வில் தேறிய 39 பேரிடத்தில் மட்டும் அந்தப் பின்பகுதி வளர்ந்திருந்தது. தேறாதவர்களிடத்திலும், பயிற்சியே பெறாதவர்களிடத்திலும் அந்த வளர்ச்சி இல்லை. இதற்கு விலையும் உண்டு. தெருக்களில் நிகரற்ற அந்த ஓட்டுநர்கள், சிக்கலான ஒரு சித்திரத்தைப் பார்த்துச் சற்று நேரம் கழித்து நினைவிலிருந்து வரைவதில் மற்றவர்களுக்குப் பின்தங்கினார்கள். நடுவயது மூளை வளைந்துகொடுக்கிறது. ஆனால் ஓரிடத்தில் கொடுத்ததை மற்றோரிடத்தில் சிறிது எடுத்துக்கொள்கிறது.

தேய்மானத்தை விரைவுபடுத்தும் காரணங்களுள் மிகத் தெளிவாக அறியப்பட்டிருப்பது இரத்த அழுத்தம். பிரிட்டனில் 1946-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் பிறந்தவர்களை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்துவரும் ஆராய்ச்சியில், முப்பதுகளின் பின்பகுதியிலிருந்து ஐம்பதுகளின் ஆரம்பம் வரையில் இரத்த அழுத்தம் உயர்ந்தவர்களுக்கு எழுபது வயதில் மூளை சிறுத்தும், வெண்பொருளில் சேதப் புள்ளிகள் மிகுந்தும் காணப்பட்டன. எழுபதில் தெரியும் காயத்துக்கு விதை நாற்பதில் விழுகிறது. உடம்பில் எந்த வேதனையும் தராமல் இருக்கும் அந்த அழுத்தத்தை அளந்து பார்க்க ஐந்து நிமிஷம் போதும் என்பதை நினைக்கும்போது, அளக்காமலே கழிந்துபோகும் ஆண்டுகளை எண்ணி மனம் பதைக்கிறது.

நடுவயதை நடுவயதிலேயே பார்க்க விரும்புகிறவர்களுக்கு நியூஜிலாந்தின் டனீடின் நகரம் இன்று ஒரு க்ஷேத்திரம். 1972 ஏப்ரலுக்கும் 1973 மார்ச்சுக்கும் இடையில் அந்த நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் பிறந்த 1,037 குழந்தைகளை அவர்களுடைய மூன்று வயது முதல் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். அவர்கள் எங்கே குடியேறியிருந்தாலும், ஆராய்ச்சியின் செலவிலேயே விமானமேற்றி டனீடினுக்கு அழைத்து வருகிறார்கள். 45-ஆம் வயதில் உயிரோடிருந்த 997 பேரில் 938 பேர் வந்தார்கள். இவ்வளவு பேர் இவ்வளவு காலம் கழிந்தும் கைவிடாமல் வந்தது, மனித நம்பிக்கையின் ஒரு பெருமையென்றே நான் கருதுகிறேன். வராதவர்களால் விளையும் பிழையை முன்பு சொன்னோமே, அது இங்கே ஏறக்குறைய இல்லாமலாயிற்று.

26 வயது முதல் 45 வயது வரையில் நான்கு முறை, இரத்தம், நுரையீரல், சிறுநீரகம், பற்கள் முதலியவற்றின் நிலையைக் குறிக்கும் பத்தொன்பது அளவுகளை எடுத்து, ஒவ்வொருவரின் தேகமும் எவ்வளவு வேகத்தில் முதுமையடைகிறது என்று கணக்கிட்டார்கள். காலண்டரில் ஓர் ஆண்டு கழியும்போது, சிலருடைய தேகத்தில் 0.40 ஆண்டே கழிந்திருந்தது. வேறு சிலருடைய தேகத்திலோ 2.44 ஆண்டுகள் கழிந்துவிட்டன. வேகமாக முதிர்ந்தவர்களின் புறணி மெலிந்தும், ஹிப்போகாம்பஸ் சிறுத்தும் இருந்தன. பிள்ளைப் பருவத்தில் அவர்களே பெற்றிருந்த மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால் அவர்களுடைய புத்திக்கூர்மையும் குறைந்திருந்தது. இவர்களில் எவரும் கிழவரல்லர். ஸ்காட்லாந்தின் பாடம் இங்கேயும் ஒலிக்கிறது: 45 வயதில் தம் வயதுக்கு மிஞ்சி முதிர்ந்த மூளையுடையவர்களாகக் காணப்பட்டவர்கள், மூன்று வயதில் செய்த சோதனைகளிலேயே சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். ஒரு பகுதி தொட்டிலிலிருந்து வந்தது. மற்றொரு பகுதி இடைக்கால வாழ்க்கை சேர்த்தது.

இரண்டையும் பிரித்துக் காட்ட அந்த ஒரு படம் போதாது. 45-ஆம் வயதில் அவர்களுடைய மூளை முதல் முறையாகப் படமெடுக்கப்பட்டது. மெலிந்த புறணி அப்போதுதான் மெலிந்துகொண்டிருந்ததா, எப்போதுமே மெலிந்திருந்ததா என்பதை அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே 52-ஆம் வயதில் அவர்களை மீண்டும் அழைக்கிறார்கள். விமானத்திலிருந்து இறங்கி, ஏழாண்டுகளுக்கு முன் படுத்த அதே விதமாய் அசையாமல் படுத்து, இரண்டாவது படத்துக்காகத் தலையைக் கொடுக்கிறார்கள்; முதல் படத்தின் மேல் அதை வைத்துப் பார்க்க வேண்டும்.